தூகாவின் கறுப்பு நகங்கள்

ஆபான் மாதம் 3, புதன்

மழை. விடியற்காலையிலிருந்து கூடவும் இல்லை, குறையவும் இல்லை. ரஷ்த்தில் குடியிருப்பவர்கள் மழையைப் பற்றி எழுத ஆரம்பித்தால் வேறு எதையும் எழுத முடியாது. ஆனாலும் இன்றைய தகராறுக்குக் காரணம் மழைதான்.

என் வீட்டுக்காரர் சியாவோஷ் நாயை வீட்டுக்குள் கொண்டுவந்துவிட்டார். முற்றத்துக் கொட்டகை ஒழுகுகிறதாம். இத்தனை வருஷம் ஒழுகாத கொட்டகை இப்போது மட்டும் ஏன் ஒழுகுகிறது என்று கேட்டேன்.

"அப்பல்லாம் நான் ஏறி அடைச்சேன். இப்ப யாரு ஏறுறது? நீ ஏறுறியா?"

வசந்தத்தில் டாக்டர் அவருடைய நோய்க்குப் பெயர் சொன்னார். பார்க்கின்சன். அந்தப் பெயரை வீட்டில் நாங்கள் உச்சரிப்பதில்லை. "கை" என்று மட்டும் சொல்கிறோம். "இன்னைக்குக் கை எப்படி இருக்கு?" "பரவால்ல." முடிந்தது.

தொழுகை விரிப்பை உள்ளறைக்கு மாற்றிக் கதவைச் சாத்திவிட்டேன். நாய் எச்சில் பட்ட இடத்தில் தொழக் கூடாது; ஈர மூக்கும் எச்சிலுமாக அது எங்கே வாய் வைக்கும் என்று யார் கண்டது. நாய் கூடத்துக்கும் சமையலறைக்கும் நடையாய் நடக்கிறது. ஓட்டுத்தரையில் டக் டக் டக்கென்று நகச் சத்தம். செருப்பில் ஆணி தெறித்த யாரோ வீட்டுக்குள் உலாத்துவது போல.

"காயலுக்குப் போகாம நகம் வளந்து போச்சு" என்றார். போன வருஷம் வரை குளிர்காலம் முழுக்க அன்சலிக் காயலில் காட்டுவாத்து வேட்டைக்கு இந்தத் தூகாவைக் கூட்டிப்போவார். சரளையிலும் மண்ணிலும் ஓடி நகம் தானே தேய்ந்துவிடும். இந்த வருஷம் துப்பாக்கி அலமாரிக்குள் இருக்கிறது. "வெள்ளிக்கிழமை வெட்டிவிட்டுடறேன்."

எந்தக் கையால் வெட்டுவார்?

ஆபான் 5, வெள்ளி

மதியம் சாப்பிட்டதும் ஜன்னலோரம் பழைய போர்வையை விரித்து, தூகாவைப் படுக்க வைத்து, நகவெட்டியை எடுத்தார். நான் பாத்திரம் கழுவிக்கொண்டே பார்த்தேன். முதல் இரண்டு மூன்று நகங்கள் ஒழுங்காகத்தான் போயின. பிறகு வலது கை ஆட ஆரம்பித்தது. இடது கையால் வலது மணிக்கட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். அப்படியானால் நாயின் பாதத்தை யார் பிடிப்பது? முழங்காலுக்கடியில் அமுக்கிக்கொண்டார். தூகா இழுத்தாள்.

"சும்மா இரு! சும்மா இருடின்னா!"

அவளை அவர் அதட்டி நான் கேட்டதே கிடையாது.

அடுத்த நொடி ஒரு அலறல். நாயின் குரல் என்று நம்பவே முடியவில்லை. நகத்தோடு உள்ளே ஓடும் சதையையும் சேர்த்து வெட்டிவிட்டார். தூகா திரும்பி அவர் மணிக்கட்டைக் கவ்வினாள் - கடிக்கவில்லை, கவ்வினாள், உடனே விட்டுவிட்டாள். பல் பதிந்த தடம் இருக்கிறது, தோல் கிழியவில்லை. பிறகு மூன்று காலில் ஓட்டம். கம்பளம், தரை, அலமாரிக் கதவு, எங்கே பார்த்தாலும் ரத்தம். ஒரு நகத்துக்குள் இவ்வளவு ரத்தமா?

"மாவு! மாவு கொண்டா!"

"எந்த மாவு?"

"எதையாவது! நின்னுகிட்டே இருக்காத!"

சோளமாவு டப்பாவை எடுத்துக்கொண்டு ஓடினேன். தூகா சாப்பாட்டு மேசைக்கடியில் இருந்தாள். எனக்குக் கிட்டே போகப் பயம். தூரத்தில் நின்றபடியே மாவை வீசினேன், கோழிக்குத் தீனி போடுவது போல. அதில் பாதிகூட அவள் மேல் விழவில்லை. அவர் முட்டிபோட்டு மேசைக்கடியில் நுழைந்தார். அவர் நெருங்க நெருங்க அவள் பின்னால் நகர்ந்து சுவரோடு ஒட்டிக்கொண்டாள். கடைசியில் அவளே நக்கி நக்கி, ரத்தம் தானாக நின்றது.

அவர் அங்கேயே தரையில் உட்கார்ந்திருந்தார். இரண்டு கையிலும் மாவு.

"போகட்டும் விடுங்க. நகந்தானே" என்றேன்.

"உனக்கு என்ன தெரியும்" என்றார். கோபமாகக்கூட இல்லை.

ஆபான் 6

கம்பளத்தைக் குளிர்ந்த தண்ணீர் விட்டுத் தேய்த்தேன். கறை வெளுத்தது, போகவில்லை.

ஆபான் 9

இன்று பார்த்ததை எழுதாமல் தூங்க முடியாது.

நாற்காலியில் உட்கார்ந்து "தூகா, வாம்மா" என்று கூப்பிட்டார். வந்தாள். கூப்பிட்டால் வராமல் இருக்க அவளுக்குத் தெரியாது. ஆனால் வயிறு தரையில் உரச, காதைப் பின்னால் மடக்கி, வாலைக் காலிடுக்கில் செருகிக்கொண்டு வந்தாள். அவர் தலையைத் தடவக் கையை நீட்டினார். வெறும் கைதான். அவள் கண்ணை மூடிக்கொண்டாள். அடி விழப்போகிறது என்று காத்திருப்பவள் மாதிரி.

அவர் கையை மடியில் வைத்துக்கொண்டார். "சரி. போ" என்றார்.

நான் சமையலறையில் பூண்டு உரித்துக்கொண்டிருந்தேன். பார்க்காத மாதிரி இருந்துவிட்டேன்.

ஆபான் 12, வெள்ளி

தெஹ்ரானிலிருந்து மாந்தானா போன் செய்தாள். எல்லாவற்றையும் சொன்னேன். மகளிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வது.

"நாயை யாருக்காவது குடுத்துடும்மா. அப்பாவையும் பாத்து நாயையும் பாக்க உன்னால முடியுமா? உனக்குத்தான் அதைத் தொடவே பிடிக்காதே."

"உங்கப்பாகிட்ட நீயே சொல்லிப் பாரு."

"நான் சொன்னா அழுவாரு."

"நான் சொன்னா மட்டும் சிரிப்பாரா?"

அவள் பக்கத்தில் தொலைக்காட்சி ஓடும் சத்தம் கேட்டது.

ஆபான் 15

தூகா நொண்டுகிறாள். வெட்டுப்பட்ட கால் இல்லை, மற்ற முன்னங்கால். உட்கார்ந்து உட்கார்ந்து அந்தக் காலை நக்குகிறாள். கிட்டே போனால் ஒரு நாற்றம். அவரைப் பார்க்கச் சொன்னேன். "நீயே பாரு. நான் போனா ஒளிஞ்சுக்குவா" என்றார்.

குனிந்து பார்த்தேன். தொடவில்லை, பார்த்தேன். பாதத்துக்கு மேலே உள்பக்கம், தரையில் படாமல் கட்டைவிரல் போல ஒரு நகம் உண்டு. அது வளைந்து வளர்ந்து, நுனி சதைக்குள் இறங்கியிருந்தது. சுற்றிலும் சிவந்து சீழ்.

நாளைக்கு வைத்தியரிடம் போகவேண்டும். எந்த டாக்ஸிக்காரன் நாயை ஏற்றுவான்?

ஆபான் 16

மூன்றாவது டாக்ஸிக்காரன் ஏற்றினான், போர்வையில் சுற்றினால்தான் என்ற கறாரோடு.

கால்நடை வைத்தியர் டாக்டர் ஷகீபா. மாந்தானாவைவிடச் சின்னப் பெண்ணாகத்தான் இருப்பாள். அந்த நகத்தை வெட்டி நுனியை உருவி எடுத்தபோது தூகா மேசை மேல் நின்றபடியே மூத்திரம் போய்விட்டாள். சியாவோஷ் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். புண்ணைக் கழுவி, மருந்து போட்டு, மாத்திரை எழுதித் தந்தாள்.

"மத்த நகமும் ரொம்ப நீளமா இருக்கு. இப்படியே விட்டா நடையே கோணிடும். ஆனா ஒரே நாள்ல வெட்டக் கூடாது. நகம் நீள நீள உள்ள சதையும் கூடவே நீண்டுடும். கொஞ்சங் கொஞ்சமா வெட்டினா சதையும் பின்வாங்கும். வீட்ல யாரு வெட்டுவீங்க?"

சியாவோஷ் இரண்டு கைகளையும் கோட்டுப் பைக்குள் வைத்திருந்தார். பை ஆடியது. டாக்டர் அதைப் பார்த்துவிட்டு உடனே கண்ணை எடுத்துக்கொண்டாள். நல்ல பெண்.

"நான்" என்றேன்.

ஏன் சொன்னேன்? தெரியவில்லை. அவரும் திரும்பிப் பார்த்தார். நாயும் பார்த்தது போலத்தான் இருந்தது.

அவள் எனக்குச் சொல்லிக்கொடுத்தாள். வெள்ளை நகத்தில் உள்ளே இருக்கும் சதை வெளிச்சத்தில் இளஞ்சிவப்பாகத் தெரியும். அதற்கு முன்னாலேயே நிறுத்திவிட வேண்டும். கறுப்பு நகத்தில் எதுவும் தெரியாது. காகிதக் கனத்துக்குச் சீவிச் சீவிப் போய், ஒவ்வொரு தடவையும் வெட்டிய முகத்தைப் பார்க்க வேண்டும். நடுவில் சாம்பல் நிறத்தில் ஒரு புள்ளி வந்தால் அதோடு போதும். தப்பித்தவறி ரத்தம் வந்தால் சோளமாவை நகநுனியில் அப்பி, விரலால் அழுத்திப் பிடிக்க வேண்டும். "நின்னுச்சா நின்னுச்சான்னு எடுத்து எடுத்துப் பாக்காதீங்க. அதுலதான் திரும்ப வரும். அரைமணி கழிச்சும் நிக்கலைன்னா எனக்கு போன் பண்ணுங்க."

"கையுறை போட்டுக்கலாமா?" என்று கேட்டேன்.

அவள் என் முக்காட்டைப் பார்த்தாள், முகத்தைப் பார்த்தாள். "போட்டுக்கலாம். ஆனா கையுறை போட்ட விரலுக்கு ஒண்ணும் தெரியாது, கானூம்."

ஆபான் 18

நகவெட்டியைக் காட்டினேன். ஓடிவிட்டாள். கோழி ஈரலை வேகவைத்துத் துண்டு போட்டு நகவெட்டிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு நான் தள்ளிப்போய் உட்கார்ந்தேன். பத்து விரற்கடை தூரத்திலிருந்து கழுத்தை நீட்டி ஈரலை மட்டும் எடுத்துக்கொண்டு போய்விட்டாள். இன்றைக்கு இவ்வளவுதான்.

ஆபான் 22

தொட்டேன்.

உடை மாற்றிக்கொண்டு, வெறுங்கையோடு. பாதம் சூடாக இருந்தது. நான் என்ன நினைத்திருந்தேன்? தவளை மாதிரி சில்லென்று இருக்கும் என்றா? உள்ளங்கால் சொரசொரப்பாக, ரொட்டியின் கருகிய அடிப்பாகம் போல. விரல்களுக்கு நடுவில் மட்டும் பட்டு முடி. அவள் பாதத்தை இழுத்துக்கொள்ளவில்லை. ஈரலை விழுங்கிவிட்டு என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிறகு சோப்புப் போட்டுக் கையைக் கழுவினேன். திரும்பவும் கழுவினேன். அவர் கூடத்திலிருந்து, "தோல் உரிஞ்சிடப்போகுது" என்றார்.

ஆபான் 25

ஒரு நகம் வெட்டினேன். வெள்ளை நகம், நுனி மட்டும். அரிசிமணி அளவுகூட இல்லை.

ஆபான் 29

நாளுக்கு ஒரு நகம், ஒரு துண்டு ஈரல். அதற்குமேல் அவளும் தருவதில்லை, நானும் கேட்பதில்லை.

அவருக்குப் பொறுக்கவில்லை. "ரிட்டயரான டீச்சரம்மா இப்ப நாய்க்கும் பாடம் எடுக்குறாங்க. வீட்டுப்பாடம் உண்டா?" என்கிறார். சிரிப்பாகத்தான் ஆரம்பிக்கிறார். கடைசியில் அது சிரிப்பாக இருப்பதில்லை. இன்றைக்கு, "அப்படிப் பிடிக்காத, விரலைப் பிரிச்சுப் பிடி. சாய்வா வை. சாய்வா!" என்று நாற்காலியிலிருந்து கத்திக்கொண்டே இருந்தார்.

"நீங்களே வந்து வெட்டுங்க" என்றேன்.

வாயிலிருந்து வந்துவிட்டது. பிடித்து உள்ளே தள்ள முடியுமா? எழுந்து உள்ளறைக்குப் போய்ப் படுத்துக்கொண்டார். இரவுச் சாப்பாட்டுக்கு வெளியே வரவில்லை. கத்திரிக்காயும் பூண்டும் அப்படியே ஆறிப்போயின.

ஆதர் 7

கறுப்பு நகத்தில் தப்பு செய்துவிட்டேன்.

சீவிச் சீவித்தான் போனேன். என் மூக்குக்கண்ணாடியில் ஆவி படிந்திருந்தது. துடைத்துக்கொண்டு பார்த்திருக்க வேண்டும், துடைக்கவில்லை. தூகா வீறிட்டாள். ரத்தம் பொட்டுப்பொட்டாக. ஆனால் பாதத்தை விடவில்லை. சோளமாவைப் பக்கத்தில் கிண்ணத்தில் வைத்திருந்தேன். அதில் நகத்தை முக்கி, விரலை வைத்து அழுத்தினேன். அவள் உதறினாள். ஒரு கையால் பாதம், ஒரு கையால் அழுத்தம், தலையைப் பிடிக்க எனக்கு மூன்றாவது கை இல்லை.

எப்போது எழுந்து வந்தார் என்று தெரியவில்லை. பின்னால் வந்து தரையில் மெதுவாக, சுவரைப் பிடித்துப் பிடித்து உட்கார்ந்தார். அவள் தலையைத் தன் மடிக்கு இழுத்து, வலது கையை அவள் கழுத்துக்கடியில் வைத்தார். ஆடும் கை. அது ஆடிய ஆட்டத்தில் அவள் கழுத்து முடி அசைந்துகொண்டே இருந்தது. தூகா விறைத்தாள். பிறகு மெல்லத் தலையைச் சாய்த்தாள். யாரோ விடாமல் தடவிக்கொடுப்பதாக நினைத்துவிட்டாளோ என்னவோ.

"எடுத்துப் பாக்காத" என்றார் என்னிடம்.

"தெரியும்."

"நீ நல்லா பண்றே" என்றார் கொஞ்ச நேரம் கழித்து.

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவர் என்னைப் பாராட்டியதே இல்லை என்று சொன்னால் பொய். ஆனால் இப்படிச் சொன்னதில்லை. ரத்தம் நின்றுவிட்டது. அதன் பிறகும் மூவரும் எழுந்திருக்கவில்லை.

ஆதர் 30, யல்தா, வருஷத்தின் நீண்ட இரவு

மாந்தானா வரவில்லை. மலைப்பாதையில் பனியாம். ஒரு மாதுளையை உடைத்து இரண்டு பேரும் தின்றோம். அவருக்குக் கரண்டியில் ஊட்டினேன், முத்துக்கள் சிந்தாமல் இருக்க. தூகா அடுப்புப் பக்கம் குறட்டை விட்டாள். நகச் சத்தம் இப்போது அவ்வளவாகக் கேட்பதில்லை.

தேய் 9

தேநீர்க் கோப்பை அவர் கையிலிருந்து நழுவிவிட்டது. கண்ணாடிச் சில்லுகள் கூடம் முழுக்க. "தூகா, வராத! வராத!" என்று கத்தினார். அவர் குரல் இப்போதெல்லாம் பாதிதான் வெளியே வருகிறது. கூப்பிடுகிறார் என்று நினைத்து அவள் நேராக ஓடிவந்தாள்.

முன்னங்காலின் உள்ளங்காலில் ஒரு சில்லு ஏறிவிட்டது. இந்தத் தடவை நான் கத்தவில்லை. பழைய துண்டை அவள் மேல் போட்டுத் தூக்கிச் சமையலறைக்குக் கொண்டுபோனேன். என்ன கனம்! வெதுவெதுப்பான உப்புத்தண்ணீரில் காலைக் கழுவினேன். சில்லு சின்னதுதான், மேலாகத் தெரிந்தது. புருவம் பிடுங்கும் இடுக்கியைக் கொதிநீரில் போட்டெடுத்து, போன வழியிலேயே நேராக இழுத்தேன். வந்துவிட்டது. சுத்தத் துணியை மடித்து ரத்தம் நிற்கும்வரை அழுத்திக்கொண்டு, டாக்டர் ஷகீபாவுக்கு போன் செய்தேன். "ஆழமா இல்லைன்னா தையல் வேண்டாம். கட்டு இறுக்காதீங்க, ஒரு விரல் உள்ள போகணும். ஈரம் படவே கூடாது" என்றாள். கட்டின் மேல் அவருடைய கம்பளிக் காலுறை ஒன்றை மாட்டிவிட்டேன், கடித்துப் பிய்க்காமல் இருக்க.

இதெல்லாம் முடித்துக் கூடத்துக்கு வந்தால், அவர் அதே இடத்தில் நிற்கிறார். சுற்றிலும் கண்ணாடி. வெறுங்கால். நகரப் பயந்து நின்றிருக்கிறார், அவ்வளவு நேரமும். நான் நாயைத் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறேன்.

"நில்லுங்க, கூட்டிடறேன்."

"நின்னுட்டுத்தான் இருக்கேன்" என்றார்.

தேய் 14

மீன் வாங்கக் கடைத்தெருவுக்குப் போயிருந்தேன். திரும்பி வந்தபோது ஈரலுக்காக ஓடிவர யாரும் இல்லை. கொக்கியில் தூகாவின் வார் இல்லை. மருந்து மாத்திரையும் இல்லை.

"யூசெஃப் வந்துட்டுப் போனான்" என்றார். அன்சலியில் படகு வைத்திருக்கும் யூசெஃப், அவரோடு வேட்டைக்குப் போகிறவன். "கூட்டிட்டுப் போய்ட்டான். கால் ஆறினதும் காயலுக்குக் கொண்டுபோவான்."

"என்னைக் கேட்டீங்களா?"

"நீதான் இத்தனை வருஷமாச் சொல்லிட்டிருந்தே, நாய் வேண்டாம், நாய் வேண்டாம்னு."

"இப்பச் சொன்னேனா? இந்த ரெண்டு மாசத்துல ஒரு தடவை சொன்னேனா?"

மீன் பையைக் கீழே வைக்கக்கூடத் தோன்றவில்லை. கத்தினேன். அக்கம்பக்கத்துக்குக் கேட்டிருக்கும். அவளைத் தொட எனக்கு எத்தனை நாள் ஆனது, அவள் என்னை நம்ப எத்தனை நாள் ஆனது, ஒரு போன் போட்டு, நாற்காலியைத் தூக்கிக் கொடுப்பது போல... என்னென்னவோ சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். நான் மூச்சு வாங்க நிறுத்தியதும் சொன்னார்:

"கூப்பிட்டா அவ என் முகத்தைப் பாக்குறதில்ல, ஃபரங்கீஸ். கையைப் பாக்குறா. முதல்ல கையைப் பாத்துட்டு அப்புறந்தான் வர்றா. அன்னைக்கு ஓடி வந்தாளே, அதுலயும் கால் கிழிஞ்சுது. இன்னும் எத்தனை தடவை?"

"நான் இருக்கேன்ல?"

"நீ எனக்கு வேணும். அடுத்த வருஷம் எனக்கு யாரு சட்டை மாட்டுவா? யாரு குளிப்பாட்டுவா? அதை நினைச்சியா? நான் நினைச்சேன். அவ ஓடுற பிராணி. ஓடட்டும்."

நான் சமையலறைக்குப் போய் மீனைக் கழுவ ஆரம்பித்தேன். தண்ணீரைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதேன். நாய்க்காகவா அழுதேன்? அவருக்காகவா? மீன் சரியாக வேகவில்லை. இரண்டு பேரும் தின்றோம்.

தேய் 21

யூசெஃப் போன் செய்தான். ஒலிபெருக்கியில் போட்டேன், அவருக்கும் கேட்கட்டும் என்று.

"சியாவோஷ் ஐயா, முதல் ரெண்டு நாள் எதையும் தொடல. வாசலையே பாத்துட்டுக் கிடந்தா. மூணாம் நாள் எங்க வீட்டுக்காரி சுத்தம் பண்ணி வெச்ச மீனை முழுசாத் தூக்கிட்டு ஓடிட்டா. தெருவே துரத்துச்சு!"

அவர் சிரித்தார். சத்தமே வரவில்லை, தோள் மட்டும் குலுங்கியது. பிறகு சிரிப்பு இருமலாகி, இருமல் நிற்கவே இல்லை. தண்ணீர் கொடுத்தேன். அதுவும் மூச்சுக்குழாயில் போய்விட்டது.

பஹ்மன் 6

இனி சோறு வேண்டாம், கஞ்சி போல மசித்துத்தான் கொடுக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். விழுங்கும்போது தாடையை நெஞ்சுப் பக்கம் குனியச் சொல்ல வேண்டுமாம். சொல்கிறேன். முறைக்கிறார். குனிகிறார்.

பஹ்மன் 17

இன்று சட்டைப் பொத்தானைப் போட்டுவிட்டேன். கழுத்துப் பொத்தானுக்கு வரும்போது என் கை அவர் தொண்டையில் பட்டது. கண்ணை மூடிக்கொண்டார். சட்டென்று தூகா ஞாபகம் வந்துவிட்டது, அன்றைக்கு அவள் கண்ணை மூடிக்கொண்டது. கையை எடுத்துவிட்டேன்.

"ஏன் நிறுத்திட்டே? போடு" என்றார். "உன் கை சூடா இருக்கு."

பஹ்மன் 23

காய்ச்சல். நெஞ்சில் கர் கர் என்று சத்தம். ஆம்புலன்ஸுக்குச் சொல்லியாகிவிட்டது. மாந்தானா வந்துகொண்டிருக்கிறாள். அவருடைய மூக்குக்கண்ணாடியை எங்கே வைத்தேன்.

ஓர்திபெஹெஷ்த் 11

இந்தப் பக்கத்துக்கு வர இரண்டரை மாதமாகிவிட்டது. அவருடைய நாற்பதாம் நாள் துக்கம் முடிந்து மாந்தானா தெஹ்ரானுக்குப் போய்விட்டாள். கூட வா என்றாள். அப்புறம் பார்க்கலாம் என்றேன்.

நேற்று யூசெஃப் போன் செய்தான். எதைப் பற்றி ஆரம்பிப்பது என்று தெரியாமல் மழையைப் பற்றிப் பேசினான். பிறகு சொன்னான்: "மத்த நகமெல்லாம் ஓடி ஓடித் தேஞ்சு போச்சு. மேல இருக்குற ரெண்டும் வளைஞ்சு நிக்குது. நான் கிட்ட போனாப் பல்லைக் காட்டுறா. சங்கடமாத்தான் இருக்கு கேக்க, நீங்க ஒரு நடை வர முடியுமா?"

இன்று காலை ஈரல் வேகவைத்து எடுத்துக்கொண்டு அன்சலிக்குப் போனேன்.

படகுத்துறையில் டாக்ஸியை விட்டு இறங்கினேன். தூகா நாணலுக்குள்ளிருந்து வந்தாள், தொப்பலாக நனைந்து. மெலிந்திருந்தாள், உடம்பு இறுகியிருந்தது. என்னைப் பார்த்து வாலை ஆட்டினாள். ஆனால் நிற்கவில்லை. என்னைத் தாண்டி டாக்ஸியிடம் போனாள். திறந்திருந்த கதவு வழியாக உள்ளே எட்டிப் பார்த்தாள். சுற்றிக்கொண்டு போய் அந்தப் பக்கக் கதவையும் பார்த்தாள். டாக்ஸி கிளம்பிப் போன பிறகும் சாலையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

யூசெஃப் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு வேறு பக்கம் திரும்பி நின்றான்.

நான் கூப்பிடவில்லை. தரையில் கவிழ்த்து வைத்திருந்த படகின் மேல் உட்கார்ந்தேன். அவளாக வந்தாள். ஈரலைக் கொடுக்கும் முன்பே பாதத்தை என் முழங்காலில் வைத்தாள். இரண்டும் கறுப்பு நகம். மெல்ல மெல்லச் சீவினேன், சாம்பல் புள்ளி தெரியும்வரை. ஒரு சொட்டு ரத்தம் இல்லை. முடிந்ததும் உடம்பை உதறினாள். காயல் தண்ணீரெல்லாம் என் கறுப்பு உடுப்பின் மேல்.

"கூட்டிட்டுப் போறீங்களா?" என்று யூசெஃப் கேட்டான். "வீட்ல தனியா இருக்கீங்க. ஒரு துணையா இருக்கும். நான் ஒண்ணும் நினைச்சுக்க மாட்டேன்."

வாயில் 'சரி' வந்துவிட்டது. அப்போது நாணலுக்குள் ஏதோ பறவை சடசடத்தது. தூகா காதைத் தூக்கினாள். அடுத்த நொடி ஆள் இல்லை. தண்ணீர் தெறித்த சத்தம் மட்டும்.

"வேண்டாம். இங்கயே இருக்கட்டும்" என்றேன். "நகம் வளந்தா சொல்லுங்க. வர்றேன்."

திரும்பி வரும்போது பல பேர் சேர்ந்து ஏறும் சவாரி டாக்ஸி. பின்னால் என்னோடு ஒரு பெண், மடியில் கீரைக் கட்டு. நகரத்தைத் தாண்டியதும் டிரைவர் மூக்கைச் சுளித்து, கண்ணாடி வழியாக என் முக்காட்டைப் பார்த்தார்.

"ஹாஜி கானூம், கோவிச்சுக்காதீங்க. நாய் வாடை அடிக்குதே. எங்கயாவது மிதிச்சுட்டீங்களா?"

"இல்ல" என்றேன். "என் நாய்."

கீரைக்காரப் பெண் ஒரு சாண் தள்ளி உட்கார்ந்தாள். டிரைவர் ஜன்னலை இறக்கினார். சாரல் உள்ளே அடித்தது.